சுண்ணாம்பு அடித்தவன்

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் மைதானம் கடல் பக்கமாகச் சரிந்திருப்பது தெரிகிறது. இத்தனை வருஷம் ஆடியும் சபாபதிக்கு இது தெரியாமலே போயிற்று. கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்கிறவனுக்குச் சரிவாவது மேடாவது, அவனுக்கு மைதானம் என்பது ஆட்களோடும் பந்தோடும் தன் மேல் வந்து விழுகிற ஒன்று, அவ்வளவுதான். சரிவு என்றால் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், பந்து எந்தப் பக்கம் இழுக்கும், இதையெல்லாம் இப்போது யோசித்து என்ன ஆகப்போகிறது, யாருக்குச் சொல்லப்போகிறான். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகிறது. இரண்டு பக்கமும் இன்னும் கோல் விழவில்லை. மொரெல் தீவு என்கிற இந்தத் துக்குணித் தேசத்தின் கோலில் ஜெரோம் என்கிற பொடியன் நிற்கிறான். பதினைந்து வருஷமாக அந்த இடத்தில் நின்ற சபாபதி, சட்டைக்கு மேல் மாற்று ஆட்களுக்கான ஆரஞ்சுப் பனியனை மாட்டிக்கொண்டு, பெஞ்சில் கடைசி ஆளாக உட்கார்ந்திருக்கிறான். கையுறையை இன்னும் கழற்றவில்லை. கழற்றினால் விரலிடுக்கில் காய்ந்துபோன சுண்ணாம்பு தெரியும். தெரிந்தால் என்ன, காலையில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். பார்த்துக்கொண்டு நின்றார்கள், பாவிகள், ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. அவன் குனிந்து குனிந்து கோடு போட்டான், இடுப்பு பிடித்துக்கொண்டது, முப்பத்தெட்டு வயது இடுப்பு வேறு எப்படி இருக்கும், நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து நின்றபோது நாலைந்து பேர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வெயிலுக்குத் திரும்புகிறார்கள் என்று நினைத்தான். வெயில் அந்தப் பக்கமே இல்லை.

மற்ற தேசங்களில் மைதானத்துக்குக் கோடு போட ஆள் வைத்திருப்பார்கள். இங்கே ஆடுகிறவர்களேதான் போட வேண்டும், ஆட்டத்தன்று காலையில் வந்து புல்லைச் சமன் செய்து, வலையைக் கட்டி, கோடு போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். அதிலும் ஒரு வழக்கம் இருக்கிறது, யார் எப்போது ஏற்படுத்தியது என்று ஒருவருக்கும் தெரியாது, கோல் கோட்டை மட்டும் அன்றைக்குக் கோலில் நிற்கப்போகிறவன்தான் போடவேண்டும். வேறு கை படக்கூடாது. வேறு ஆள் போட்ட கோட்டைத் தாண்டிப் பந்து போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. சபாபதி போட்ட கோட்டைத் தாண்டியும் பந்து வண்டி வண்டியாகப் போயிருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் வழக்கம் வழக்கம்தான். அதனால்தான் காலையில் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து நார் மட்டையை முக்கியபோது அவன் மனதில் ஒரு சின்னச் சந்தேகம்கூட இல்லை. அந்த ஜெரோம் பையன் நேற்று முன்தினம்தான் விமானத்தில் வந்து இறங்கினான், அவன் அம்மா இந்தத் தீவுக்காரி, அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் குளிர் தேசத்தில், இங்கத்திய பாஷைகூடத் தட்டித் தடுமாறித்தான் வருகிறது. சும்மா ஊர் பார்க்க அழைத்திருக்கிறார்கள், பெஞ்சில் உட்காரவைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். ரொட்டிக்கடை மார்செல், இடது பக்கம் ஆடுகிறவன், பக்கத்தில் வந்து நின்றான். மட்டையைக் கொடு, நான் போடுகிறேன், நீ போய்க் கொஞ்சம் உட்கார் என்றான். சபாபதி சிரித்தான். அடேய், இருபது வருஷமா என் கூட இருக்கிறாய், வழக்கம் தெரியாதா உனக்கு என்று அவன் தோளில் சுண்ணாம்புக் கையாலேயே தட்டினான். மார்செல் அந்த வெள்ளைத் தடத்தைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தான். இப்போது தெரிகிறது அவன் ஏன் கேட்டான் என்று. அவனுக்குத் தெரியும். நேற்றே தெரியும். விடிகாலையில் ரொட்டி வாங்கப் போனபோது அவன் பெண்டாட்டி வெண்ணெய் ரொட்டி இரண்டு கூடுதலாகப் போட்டாளே, அவளுக்கும் தெரியும். பிள்ளையார் கோவில் குருக்கள் விபூதியைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்காமல் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தாரே, அவருக்கும் தெரிந்திருக்கிறது. மீன் சந்தையில் ஐஸ் விற்கிற பாஸ்கால், அணிக்குக் கேப்டன், எதிரே வந்தவன், வண்டியை நிறுத்தி இறங்கி, வேண்டுமென்றே இறங்கி, உன்னை மாதிரி ஆள் இந்த நாட்டில் கிடையாது என்றான். ஏதடா, காலங்காத்தாலே இவனுக்கு என்ன வந்தது என்று சபாபதி மனசு குளிர்ந்து போனான். இந்த நாட்டில் ஒரு செய்தி துறைமுகத்தில் கிளம்பினால் மலையடிவாரத்தில் இருக்கிறவன் காப்பி குடித்து முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது. அவனிடம் மட்டும் வரவில்லை. அவனைச் சுற்றி வளைத்துக்கொண்டு போயிருக்கிறது. ஊரே காலையில் அவனிடம் பிரியமாக இருந்ததே, துக்க வீட்டுக்காரனிடம் இருப்பது போல, அது ஏன் அவனுக்கு உறைக்கவில்லை. மண்டு. மண்டு. சுண்ணாம்பு அடித்த மண்டு.

பந்து இந்தப் பக்கம் வருகிறது. எதிரணிக்காரர்கள் அடுத்த தீவுக்காரர்கள், அவர்கள் நாடும் சின்னதுதான், ஆனாலும் இவர்களைவிடப் பெரியது, எப்போது ஆடினாலும் நாலு ஐந்து என்று போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கப்பல் ஏறுவார்கள். இன்றைக்கு ஏனோ திணறுகிறார்கள். போ, உள்ளே போ. யார் சொன்னது அது? சபாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயால் சொல்லவில்லை, நல்லவேளை, மனசுதான் சொல்லிற்று. பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. சே, என்ன மனுஷன் நான். நேற்றுச் சாயங்காலம்தான் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டான், நம் அணி ஒரே ஒரு தடவை ஜெயிக்கவேண்டும் என்று. மொரெல் தீவு முறையான ஆட்டம் ஒன்றில்கூட இன்றுவரை ஜெயித்தது கிடையாது, டிரா செய்ததற்கே ஒருமுறை அரசாங்கம் லீவு விட்டது. இப்போது வேண்டுதலை மாற்றிக்கொள்ள முடியுமா? நேற்று வேண்டியது நான்தான், இன்றைக்கு வேண்டாம் என்கிறதும் நான்தான், பிள்ளையாரே எதை எடுத்துக்கொள்வாய் என்றால் அவர் என்ன செய்வார் பாவம். தோற்கட்டும். ஒரு கோல் விழட்டும் அந்தப் பொடியனைத் தாண்டி, ஒன்றே ஒன்று, அப்போது தெரியும் இவர்களுக்கு. என்ன தெரியும்? ஒன்று விழுந்தால் சபாபதி இருந்திருந்தால் நாலு விழுந்திருக்கும் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற வாய்கள்தானே. அவன் பெஞ்சின் மறுகோடியில் நிற்கிற முத்துக்குமரனைப் பார்த்தான். கோச். கைகட்டிக்கொண்டு நிற்கிறான், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்துக்குப் பின்னால் வேர்த்து வழிகிறது. வழியட்டும். அவன் வேறு யாருமில்லை, சபாபதியின் மனைவி தையல்நாயகிக்குக் கூடப்பிறந்த தம்பி, கல்யாணத்துக்கெல்லாம் முன்பே, ஒரே தெருவில் இருந்தபோது, சபாபதி சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டிய பயல். இரண்டு பேரும் ஒன்றாகவே அணிக்குள் வந்தார்கள். முத்துக்குமரனுக்கு முட்டி போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபாபதி, நானும் போதும் என்று விட்டுவிடுகிறேன் மச்சான், மானம் போகிறது, வாங்கி வாங்கி அலுத்துப்போச்சு என்றான். அப்போது இவன் என்ன சொன்னான்? கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான், கண்ணில் தண்ணீர் வேறு. "நாம ஜெயிக்கிற அன்னிக்கு நீங்கதான் அத்தான் கோல்ல நிக்கணும். அதைப் பாக்காம நான் போகமாட்டேன்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றான். அதற்குப் பிறகு எத்தனை வருஷம், எத்தனை ஊர், எத்தனை கோல், தோள்பட்டை இரண்டு தடவை இறங்கிற்று. அதே வாய் இன்றைக்கு உடை மாற்றும் அறையில் பதினோரு பெயர் படித்தது. முதல் பெயரே ஜெரோம். சபாபதி அப்போது ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஷூவைக் கட்டி முடித்துவிட்டான், இன்னொன்றைக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அது இவ்வளவு அமைதியாக நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

அதையாவது தாங்கியிருப்பான். கால்பந்துச் சங்கத்துப் பெரிய மனுஷர்கள் கழுத்தைப் பிடித்திருப்பார்கள், மச்சான் என்ன செய்வான், அவனுக்கும் வேலை போய்விடும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு முதல் பாதி முழுவதையும் ஓட்டிவிட்டான். இடைவேளையில்தான் அந்தக் கிறுக்கு அவனைப் பிடித்தது. தண்ணீர்க் குழாய் பக்கம் போன முத்துக்குமரனை மடக்கி, ஏண்டா சுண்ணாம்பு அடிக்க மட்டும் நான் வேணுமா, காலையில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம். முத்துக்குமரன் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "என்னை மட்டும் திட்டாதீங்க அத்தான். அக்காதான் சொன்னா" என்றான். என்ன சொன்னாள், எப்போது சொன்னாள் என்று கேட்பதற்குள் போய்விட்டான். அக்காதான் சொன்னா. யார் அக்கா? இவனுக்கு இருக்கிறது ஒரே அக்கா. பொய் சொல்கிறான். தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறான், பொம்பளை மேல் பழியைப் போட்டுவிட்டு. நாயகி அப்படிச் சொல்வாளா? நேற்றுச் சமைக்கும்போது என்ன பேசினாள்? மீன் குழம்பு வைத்தாள், தலைப்பாகத்தை அவனுக்கே போட்டாள், அது அவளுக்கும் பிடித்தது. தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, நாளைக்கு ஜெயிச்சா நல்லாருக்கும்ல என்றாள். ஜெயிப்போம் என்றான் அவன். எண்ணெய் தேய்க்கிற கை நின்றது, பிறகு மறுபடி தேய்த்தது. கை ஏன் நின்றது? எண்ணெய் தீர்ந்திருக்கும், கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள நின்றிருக்கும். கிண்ணம் நிறைய எண்ணெய் இருந்தது. அவன் பார்த்தான். இல்லை, பார்க்கவில்லை, இப்போது பார்த்த மாதிரி நினைத்துக்கொள்கிறான். மனசு ஒரு தடவை சந்தேகப்பட ஆரம்பித்தால் கிண்ணத்தைக்கூட விட்டுவைக்காது. அவன் எதிர்ப்புறப் படிக்கட்டைப் பார்த்தான். நாலாவது வரிசையில் நீலப் புடவை. அவள்தான். பக்கத்தில் முத்துக்குமரன் பெண்டாட்டி. முகம் தெரியவில்லை, வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். முகம் மட்டும் தெரிந்தால் போதும், ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான், பொய்யா நிஜமா என்று. அவள் முகம் எதையும் ஒளித்துவைக்கத் தெரியாத முகம். அப்படியானால் நேற்று எப்படி ஒளித்தாள்? அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான் அல்லவா.

திடீரென்று சுற்றிலும் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, முன்னால் முதுகுகள் மறைத்தன, பிறகு சத்தம் வந்தது, தகரக் கூரைகள் எல்லாம் அதிர்கிற சத்தம். பாஸ்கால் கோல் போட்டிருக்கிறான். ஐஸ் விற்கிற பாஸ்கால், கார்னரிலிருந்து வந்த பந்தை மண்டையால் இடித்து உள்ளே தள்ளிவிட்டு, எங்கே ஓடுவது என்று தெரியாமல் வட்டமாக ஓடுகிறான். யாரோ சபாபதியை இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். அவனும் எழுந்து நின்றான், நிற்காவிட்டால் தெரிந்துவிடும். கையுறையோடு கை தட்டினான், சத்தமே வரவில்லை. நீலப் புடவை குதிக்கிறதா? எல்லாப் புடவையும் குதிக்கிறது, எது எது என்று தெரியவில்லை. ஜெயித்துவிடுவார்களோ. அவன் இல்லாமல் ஜெயித்துவிடுவார்களோ. மின்சார மீட்டர் பார்க்கிற வேலை அவனுக்கு, இந்தத் தீவில் அவன் ஏறாத வாசல் கிடையாது, ஒவ்வொரு வாசலிலும் யாராவது விரலைக் காட்டுவார்கள், ஆறு கோல் வாங்கினால் ஆறு விரல், ஒன்பது வாங்கியபோது ஒன்பது விரல், பத்துக்கு மேல் போன அன்று ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக் கால் விரலையும் சேர்த்துக் காட்டினார். சிரித்துக்கொண்டே மீட்டரைப் பார்த்துவிட்டு வருவான். கோபம் வந்ததே இல்லை. நம் ஆட்கள்தானே, நாம் தோற்றோம், நாம்தானே கேலி செய்துகொள்ள வேண்டும். தாத்தா காரைக்கால் பக்கமிருந்து மளிகைக்கடை வைக்க வந்தவர், அப்பாவை இங்கே யாரும் தீவுக்காரர் என்று சொன்னதில்லை, கடைக்காரர் என்றுதான் சொல்வார்கள். சபாபதியைத்தான் முதலில் நம்ம கீப்பர் என்றார்கள். அந்த நம்ம என்கிற சொல்லுக்காக எத்தனை விரலை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருந்தான். அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், சரி. ஆனால் நாயகியிடமும் விரலைக் காட்டியிருப்பார்களோ? சந்தையில், தண்ணீர் வரிசையில், மகளுடைய பள்ளிக்கூட வாசலில். அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. இவனும் கேட்டதில்லை. ஒரு தடவை மட்டும், கல்யாணமான புதுசில், நீங்க கையை நீட்டுற பக்கம் பந்து வரவே வராதா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள், இவனும் சேர்ந்து சிரித்தான். அதற்கப்புறம் ஆட்டத்தைப் பற்றி அவள் சிரித்துப் பேசியதாக ஞாபகமில்லை. அதையும் பிரியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

கடைசிக் கட்டம். அடுத்த தீவுக்காரர்கள் எல்லோருமாக இறங்கி வந்துவிட்டார்கள். மார்செல் நொண்டுகிறான். முத்துக்குமரன் தொண்டை கட்டிக் கத்துகிறான். உள்ளே போ, உள்ளே போ என்று சபாபதியின் மனசு நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது, அவனும் இப்போது அதை அதட்டவில்லை, சொல்லிக்கொள் போ என்று விட்டுவிட்டான். அவர்களுடைய பத்தாம் நம்பர் இரண்டு பேரைத் தாண்டி வந்து, பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்தே, கீழாக, இடது மூலைக்கு அடித்தான். அடித்தபோதே சபாபதிக்குத் தெரிந்துவிட்டது இது கோல் என்று. பதினைந்து வருஷப் பழக்கம், கால் பந்தில் படுகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். முடிந்தது கதை. ஜெரோம் வேறு வலது பக்கம் ஒரு அடி எடுத்துவைத்திருந்தான். அப்படி இருந்தும் அந்தப் பயல் எப்படித் திரும்பினான், எப்படி நீண்டான் என்று தெரியவில்லை, விரல் நுனியால் பந்தைத் தொட்டான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. மைதானமே வாயைப் பிளந்தது. சபாபதி மட்டும் அசையாமல் இருந்தான். இதை நான் பிடித்திருக்கமாட்டேன். இன்றைக்கு என்றில்லை. தோள் நன்றாக இருந்த காலத்திலும், இருபத்திரண்டு வயதிலும் பிடித்திருக்கமாட்டேன். தரையில் கிடந்தபடி பந்து வலைக்குள் உருளுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், பார்த்துப் பார்த்துப் பழகினதுதானே. அப்படியானால் அவர்கள் செய்தது சரி. மச்சான் செய்தது சரி, பாஸ்கால் செய்தது சரி, ரொட்டிக்கடைக்காரி, குருக்கள் எல்லோரும் சரி. இது வரைக்கும் அவர்களைத் திட்டிக்கொண்டாவது இருக்க முடிந்தது. இனிமேல் அதுவும் கிடையாது. நியாயமாகவே ஒருத்தனைக் கை கழுவிவிட்டால் அவன் யாரிடம் போய் முறையிடுவது? அழுகை வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அழக்கூடாது, எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு நாளைக்கு இன்னும் பிரியமாக இருப்பார்கள், அதை மட்டும் தாங்கமுடியாது. ஒன்று மட்டும் பொய்யாக இருந்தால் போதும். நாயகி சொன்னாள் என்றானே, அது மட்டும் பொய்யாக இருக்கட்டும். நாடு ஜெயிக்கட்டும், அந்தப் பயல் மாலை போட்டுக்கொள்ளட்டும், போகட்டும் எல்லாம். அவள் சொல்லியிருக்கக்கூடாது. அவள் ஒருத்திக்காவது, தோற்றாலும் பரவாயில்லை, என் புருஷன் நிற்கட்டும் என்று இருந்திருக்கவேண்டும்.

ரெஃபரி விசிலை ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான், கேட்க ஆளில்லை. கயிறு கட்டியிருந்த வேலியைச் சாய்த்துக்கொண்டு சனம் மைதானத்துக்குள் கொட்டியது. போலீஸ்காரர்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள், மந்திரி ஒருத்தர் கோட்டோடு புல்லில் விழுந்து புரண்டார். சபாபதி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நீலப் புடவை வந்தது. புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் செருப்புகளைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வயதுக்கு அவள் இப்படி ஓடுவாள் என்று அவனுக்குத் தெரியாது. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தாள். முன்பல்லில் இடைவெளி இருக்கிறது என்று எப்போதும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறவள், மூடவில்லை. அவனைத் தாண்டி ஓடினாள். பார்க்கவில்லை அவள், நிஜமாகவே பார்க்கவில்லை, இரண்டு கை தூரத்தில் கடந்துபோனாள். தம்பியைக் கட்டிக்கொண்டு, அவன் தலையைப் பிடித்து ஆட்டி, முதுகில் செருப்பாலேயே அடித்து, அழுதுகொண்டே சிரித்தாள். சபாபதி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பதினாறு வருஷம் கூடக் குடித்தனம் செய்திருக்கிறான், மகள் பிறந்த அன்றுகூட இந்த முகத்தைப் பார்த்ததில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று நினைத்தான். பிறகு அவள் திரும்பினாள். பெஞ்சைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. கை தானாக வாய்க்குப் போயிற்று. இழவு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் வைத்து மாட்டிக்கொள்வார்களே ஒரு முகம், அதை அவள் அவனுக்காக மாட்டிக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள். "மதியம் நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே" என்றாள். அவன் கேட்க வைத்திருந்த கேள்வி இனித் தேவைப்படவில்லை. அவளும் அதைத் தெரிந்துகொண்டுவிட்டாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். யாரோ தூரத்தில் ஜெரோமைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பாண்டு வாத்தியக்காரர்கள் தேசிய கீதத்தை ஆரம்பிப்பதா வேண்டாமா என்று ஊதுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும்னு ஆசையா இருந்துது" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"நானும் அதுக்குத்தான் நாயகி இத்தனை வருஷம் நின்னேன்" என்றான் சபாபதி.

வாத்தியம் ஒருவழியாகச் சேர்ந்து ஒலிக்க ஆரம்பித்தது. எல்லோரும் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றார்கள். அவளும் எழுந்து நின்றாள். நிற்காமல் எப்படி இருப்பாள். ஒரு கையை அவன் பக்கமாக நீட்டினாள், எழுந்திருக்க. அவன் அந்தக் கையைப் பிடிக்காமல் எழுந்து நின்றான்.